இப்போதே வாங்குவதா, ஐந்து வருஷம் பொறுப்பதா, மனை வாங்கிப் போடுவதா?

தங்கை போன் செய்தால் ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவாள். போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்த எடுப்பிலேயே, "அண்ணா, ஹவுஸ் ஓனர் வாடகையை இருபதாக்கிட்டார். நாங்க வீடு வாங்கப் போறோம்" என்றாள். பின்னாலிருந்து மாப்பிள்ளையின் குரல் கேட்டது: "மச்சான், வாங்கப் போறோம்னு சொல்லலை. வாங்கலாமான்னு கேட்கச் சொன்னேன்."

அவர்கள் இருப்பது மடிப்பாக்கத்தில். மாப்பிள்ளைக்கு 35 வயது, தங்கைக்கு 32, மகள் யு.கே.ஜி. இரண்டு சம்பளமும் சேர்ந்து கைக்கு வருவது மாதம் 1,25,000 ரூபாய். சேமிப்பு 18 லட்சம். பார்த்து வைத்திருப்பது மேடவாக்கம் பக்கம் கட்டி முடித்த புது அடுக்குமாடியில் 1,050 சதுர அடி வீடு, 75 லட்சம். விற்று லாபம் பார்க்க வாங்குவதில்லை. மகள் கல்யாணம் வரை, முடிந்தால் அதற்கப்புறமும் அங்கேயே இருக்க வேண்டும் என்று ஆசை.

அன்றைக்கு ஒரு நோட்டை எடுத்து உட்கார்ந்தவன், இரண்டு வாரம் கழித்துத்தான் மூடினேன். அதில் எழுதியதும் அதற்கப்புறம் நடந்ததும்தான் இது.

75 லட்சம் என்றால் 84 லட்சம்

முதலில் விலை. புது அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்குத் தமிழ்நாட்டில் 2023 டிசம்பரிலிருந்து மனைப் பங்கையும் கட்டடத்தையும் சேர்த்தே ஒரே பத்திரமாகப் பதிகிறார்கள். 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை முத்திரைத் தீர்வை 5%, பதிவுக் கட்டணம் 2%. 75 லட்சத்துக்கு 5 லட்சத்து 25 ஆயிரம். இதே பழைய வீடாக, கைமாறி வருவதாக இருந்தால் மொத்தம் 9%. ஆறே முக்கால் லட்சம் ஆகிவிடும்.

இந்த வகை வீட்டுக்கு வங்கி 80% வரைதான் தரலாம், அதாவது 60 லட்சம். அந்த 80% கணக்கில் பதிவுச் செலவு சேராது. ஆக 15 லட்சம் முன்பணம், ஐந்தே கால் லட்சம் பதிவு, அப்புறம் வக்கீல் கருத்து, வங்கிச் செலவு, அலமாரி, கொசுவலை, ஜன்னலுக்குக் கூடுதல் கம்பி, பால் காய்ச்சுகிற அன்று சாப்பாடு என்று ஒரு நாலு லட்சம். கிட்டத்தட்ட 25 லட்சம் கையில் வேண்டும். இருப்பது 18.

மீதி ஏழு லட்சத்துக்கு எங்கே போவது? "அப்பா ரிட்டயர்மென்ட் பணம் இருக்கே" என்றாள். அவர் கொடுப்பார், சந்தோஷமாகவே கொடுப்பார். ஆனால் 66 வயதில் மருத்துவச் செலவுக்கு வைத்திருக்கும் பணத்தை நம் அலமாரிக்கு மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. நகையை அடகு வைப்பதைக்கூட ஏற்றுக்கொள்வேன்.

இப்போதே வாங்கினால்

60 லட்சம், 20 வருஷம், 8% வட்டி என்று வைத்துக்கொள்வோம். இ.எம்.ஐ. 50,186. கைக்கு வருவதில் ஐந்தில் இரண்டு பங்கு. முடியாத தொகை இல்லை. ஆனால் முதல் வருஷம் ஆறு லட்சத்துக்கு மேல் கட்டி முடித்துவிட்டு வங்கியில் கணக்குக் கேட்டால், அசலில் குறைந்திருப்பது ஒன்றே கால் லட்சத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். மீதி நாலே முக்கால் லட்சம் வட்டிக்குப் போயிருக்கும். "வாடகை வீண், இ.எம்.ஐ. சேமிப்பு" என்று சொல்கிறவர்கள் இந்தக் காகிதத்தை ஒரு தரம் பார்க்க வேண்டும். வாடகைக்குப் போவது வருஷம் 2 லட்சத்து 40 ஆயிரம். முதல் சில வருஷங்களில் வட்டிக்குப் போவது அதைப் போல இரண்டு பங்கு.

வட்டி நிலையாக இருக்கும் என்றும் நம்பக் கூடாது. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டிதான் ரெப்போ விகிதம், வீட்டுக் கடன் வட்டி அதையொட்டி ஏறி இறங்கும். 2022 மே மாதத்துக்கு முன் அது 4%. 2023 பிப்ரவரியில் 6.5%. பத்தே மாதத்தில் இரண்டரை சதவீதம். 6.75 சதவீதத்தில் 60 லட்சம் வாங்கியவரின் இ.எம்.ஐ. 45,600 சொச்சம். அதே வட்டி 9.25 ஆனதும் 60 லட்சத்துக்கு மாத வட்டி மட்டுமே 46,250. அதாவது, புதிதாகக் கடன் வாங்கியவர் கட்டிய இ.எம்.ஐ. வட்டிக்கே பத்தவில்லை. பல வங்கிகள் தவணைத் தொகையைத் தொடாமல் வருஷத்தை மட்டும் நீட்டிவிட்டதால், 20 வருஷக் கடன் 28, 30 என்று போனதே பலருக்கும் தெரியாமல் இருந்தது. 2023 ஆகஸ்டில்தான், தவணையைக் கூட்டுவதா வருஷத்தை நீட்டுவதா என்பதைக் கடன் வாங்கியவரிடம் கேட்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. 2025-ல் ரெப்போ நாலு தடவை இறங்கி 5.25% ஆனது வேறு கதை. ஏறினதை இறக்கம் சரிக்கட்டியதா என்றால், அது அவரவர் கடன் தேதியைப் பொறுத்தது.

அதனால் நான் போட்ட சோதனை எளிது. வட்டி 10% ஆனால் இ.எம்.ஐ. 57,900. ஒருவர் சம்பளம் ஆறு மாதம் நின்றாலும் அதைக் கட்ட முடியுமா? தங்கையிடம் கேட்டேன். "ஆறு மாசமா? ரெண்டு மாசம் தாங்கும்ணா" என்றாள். உண்மையைச் சொன்னாள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இப்போது ஆரம்பித்தால் மாப்பிள்ளைக்கு 55 வயதில் கடன் முடியும். இப்படி ஏறி இறங்கும் மிதக்கும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. அதனால் போனஸ் வரும்போதெல்லாம் ஒரு லட்சம் அசலில் போட்டால் 50-க்கு முன்பே முடிந்துவிடலாம். மகள் கல்லூரிச் செலவு ஆரம்பிக்கும்போது கடன் பாதிக்குமேல் கரைந்திருக்கும்.

வருமான வரிச் சலுகையைப் பற்றி ரொம்பப் பேச வேண்டியதில்லை. பழைய முறையில் இருந்தால் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டு வட்டிக்கு வருஷம் 2 லட்சம் வரை கழிக்கலாம். புதிய முறையில் அது கிடையாது, வீட்டு வாடகைப் படிக் கழிவும் கிடையாது. இருவரும் புதிய முறைக்குப் போய்விட்டார்கள். இதற்காக வீடு வாங்கச் சொல்கிறவர் பழைய கணக்கில் பேசுகிறார்.

ஐந்து வருஷம் பொறுத்தால்

இதைத்தான் நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். கணக்குப் போட்டபோது எனக்கே ஆச்சரியம்.

இ.எம்.ஐ. 50,000, அதன் மேல் மாதம் மூவாயிரம் பராமரிப்பு, சொத்து வரி. வாடகை 20,000. வித்தியாசம் 30,000 என்று வைத்து, அதை மாதாமாதம் ஆர்.டி. போலப் போட்டு வந்தால், 7% கிடைத்தால் ஐந்து வருஷத்தில் இருபத்தொன்றரை லட்சம். இருக்கும் 18 லட்சம் அதே வட்டியில் 25 லட்சம் ஆகும். ஆக 46 முதல் 47 லட்சம். வட்டிக்கு வரியையும் வாடகை உயர்வையும் நான் பார்க்கவில்லை. சம்பள உயர்வோடு அதைக் கழித்துக்கொண்டேன்.

சரி, வீட்டு விலை? வருஷம் 5% ஏறினால் 75 லட்சம் 96 லட்சம் ஆகும். பதிவும் மற்ற செலவும் சேர்த்து 106 லட்சத்துக்கு மேல். கையில் இருப்பதைக் கழித்தால் வாங்க வேண்டிய கடன் 60 லட்சம். ஆமாம், இன்றைக்கு வாங்கும் அதே 60 லட்சம்.

இப்போதே வாங்கியிருந்தால் ஐந்து வருஷம் கழித்து வங்கிக்குப் பாக்கி ஐம்பத்திரண்டரை லட்சம். அதோடு ஆரம்பத்தில் குறைந்த அந்த ஏழு லட்சத்தையும் யாரிடமோ வாங்கியிருப்பார்கள். கூட்டினால் ஐம்பத்தொன்பதரை. கிட்டத்தட்ட சரிக்குச் சரி. பொறுத்தவருக்கு அன்றைக்குக் கிடைப்பது புது வீடு, முதலில் வாங்கியவரிடம் இருப்பது ஐந்து வருஷம் பழகிய வீடு என்பதுதான் மிச்ச வித்தியாசம்.

விலை வருஷம் 3% மட்டும் ஏறினால் பொறுத்தவர் ஜெயிக்கிறார், கடன் 50 லட்சத்தில் முடிகிறது. 8% ஏறினால் 75 லட்சம் கடன் வாங்க வேண்டியிருக்கும். மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூருக்கு வரும் மெட்ரோ பாதை மேடவாக்கம் வழியாகப் போகிறது. அதைக் காட்டித் தரகர்கள் 8% உறுதி என்கிறார்கள். மெட்ரோ வருவதற்கான விலை உயர்வு மெட்ரோ அறிவிப்பிலேயே பாதி ஏறிவிட்டது என்பது என் எண்ணம். எது நடக்கும் என்று தெரிந்தால் நான் ஏன் இந்த நோட்டோடு உட்கார்ந்திருக்கிறேன்?

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. வங்கி 50,000-ஐ ஐந்தாம் தேதி தானாக எடுத்துக்கொள்ளும். ஆர்.டி.க்கு 30,000 போடச் சொல்லி யாரும் போன் செய்யப் போவதில்லை. பொறுக்கிறேன் என்று சொன்ன பத்துப் பேரை எனக்குத் தெரியும். அவர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே அந்த வித்தியாசத்தைச் சேர்த்தார்கள் என்று கேட்டால் ஒரு கை விரலே அதிகம். ஒருவர் கார் வாங்கினார். இன்னொருவர் தங்கை கல்யாணத்துக்கு எடுத்தார், அதைக் குறை சொல்லவும் முடியாது.

வாடகைக்கு இருப்பதன் அலைச்சலும் கணக்கில் வராது. தமிழ்நாட்டில் 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. வேறு ஒப்பந்தம் எல்லா வீட்டிலும் இருக்கும். மாடிப்படியில் நின்றபடியே பத்து மாதம் கேட்பார்கள். பதினொரு மாதம் முடிந்ததும் வாடகை ஏறும், இல்லாவிட்டால் "பையனுக்குக் கல்யாணம், வீடு வேணும்" என்பார்கள். பள்ளிக்கூட வேன் பாதை மாறும். யு.கே.ஜி. பிள்ளைக்கு இது பெரிதில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் பெரிது.

மனை வாங்கிப் போட்டால்

இந்த யோசனை எங்கள் அப்பாவுடையது. "மண்ணு எங்கேயும் போகாது. இப்போ மனையை வாங்கிப் போடு, கையில காசு வரும்போது கட்டிக்கோ." ஊரில் இருந்தவர்களுக்கு இது சரியாக வந்தது. எனக்கு வந்ததா என்று சொல்கிறேன்.

2011-ல் கூடுவாஞ்சேரிக்கு அப்பால் அரை கிரவுண்டு, 1,200 சதுர அடி வாங்கினேன். ஐந்து வருஷத்தில் வீடு கட்டுவதாகத் திட்டம். இன்றைக்கும் அங்கே வீடு இல்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் போய் சீமைக் கருவேலத்தை வெட்டிவிட்டு நான்கு கல்லையும் எண்ணிவிட்டு வருகிறேன். ஒரு வருஷம் வடகிழக்குக் கல்லைக் காணோம். பக்கத்து மனைக்காரர் லாரி திரும்பும்போது சாய்ந்திருக்கும் என்றார். கல் சாயலாம், மூன்றடி நடந்தா போகும்? சர்வேயரைக் கூட்டிப்போய்ப் புலப்படத்தை வைத்து அளந்து மறுபடி நட்டேன். அதற்கு அலைந்தது நாலு மாதம். மனை வாங்கும்போதே பட்டா பலர் பெயரும் சேர்ந்த கூட்டுப் பட்டாவாக இருந்தது. அதை உட்பிரிவு செய்து தனிப் பட்டாவாக்காமல் விட்டது என் தப்பு.

மனை விலை ஏறியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கட்டும் செலவும் கூடவே ஏறிவிட்டது. அன்றைக்கு மேஸ்திரி சதுர அடிக்குச் சொன்ன கூலிக்கும் பொருளுக்கும் இன்று பாதி வீடுகூட எழும்பாது. மனை வாங்கிய கடனுக்குத் தவணை, குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை இரண்டும் சேர்ந்து ஓடியதால் கட்டுவதற்குச் சேர்க்க முடியவில்லை. இந்த வழியில் மாட்டிக்கொள்வது இங்கேதான். குடும்பத்துக்கு வீடு வேண்டும் என்று ஆரம்பித்து, கடைசியில் கைவசம் இருப்பது ஒரு முதலீடு.

அப்படியும் இதைத் தேர்ந்தெடுக்கிறவர்களுக்குச் சொல்வேன்: சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. அல்லது நகர் ஊரமைப்பு இயக்ககமான டி.டி.சி.பி. அங்கீகாரம், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின்படி பதிவு எண், தாய்ப் பத்திரம், 30 வருஷ வில்லங்கச் சான்று, உங்கள் பெயரில் தனிப் பட்டா. இதில் ஒன்று குறைந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள். கட்டுவதில் ஒரு நல்ல மாற்றமும் வந்திருக்கிறது. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் சுயசான்று கொடுத்து ஆன்லைனிலேயே உடனடி அனுமதி வாங்கிவிடலாம். என் காலத்தில் வரைபட அனுமதிக்கே ஒரு மழைக்காலம் போய்விடும். தங்கை வேலை பெருங்குடியில், மாப்பிள்ளைக்குக் கிண்டியில். கூடுவாஞ்சேரி தாண்டி வீடு என்றால் தினமும் போக வர மூன்று மணி நேரம். இந்த வழியை அவர்கள் அரை மணி நேரத்திலேயே அடித்துவிட்டார்கள்.

இன்னும் இரண்டு வழிகளையும் சுருக்கமாகப் பார்த்தோம். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்குப் பதிவு செய்தால் விலை குறைவு, ஆனால் 5% ஜி.எஸ்.டி. உண்டு, முடித்த சான்றிதழ் வாங்கிய வீட்டுக்கு அது இல்லை. சாவி கைக்கு வரும்வரை வாடகையும் வட்டியும் சேர்ந்து கட்ட வேண்டும். வாங்குகிறவர்களின் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்று ரெரா வந்தபிறகு ஆபத்து குறைந்திருக்கிறது, தாமதம் அப்படியொன்றும் குறையவில்லை. என் அலுவலக நண்பர் ஒருவர் 18 மாதத்தில் என்று சொன்ன வீட்டுக்கு 41-வது மாதம் பால் காய்ச்சினார். அடுத்தது, இப்போது சின்னதாக ஒரு படுக்கையறை வீடு, பிறகு விற்றுவிட்டுப் பெரியது. இரண்டு தடவை பதிவுச் செலவு, இரண்டு தடவை தரகு, இரண்டு தடவை அலமாரி. நீண்ட நாள் வீடு என்று தேடுகிறவருக்கு இது ஆகாது.

எந்த வருஷம், எந்த மாதம்

பணக்கணக்கு சரிக்குச் சரியாக வந்தபிறகு, முடிவு செய்யக் குடும்பத்தின் வயதுதான் மிச்சம். நோட்டில் ஒரு பக்கத்தில் வருஷங்களை வரிசையாக எழுதி, பக்கத்தில் ஒவ்வொருவர் வயதையும் எழுதினோம். ஐந்து வருஷம் பொறுத்தால் மாப்பிள்ளைக்கு 40. 20 வருஷக் கடன் 60-ல் முடியும். அவர் கம்பெனியில் 58-ல் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மகள் ஆறாம் வகுப்புக்குப் போவது ஆறு வருஷத்தில். அதற்குப் பிறகு பள்ளியை மாற்றுவது கஷ்டம். ஆக ஐந்தாம் வருஷம்தான் கடைசி எல்லை. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு இப்போதே முட்டி வலி. அவர் இவர்களோடு வந்து இருக்கப் போவது எப்படியும் மூன்று நாலு வருஷத்தில் நடக்கும். அன்றைக்கு இரண்டு படுக்கையறை போதாது, லிஃப்ட் இல்லாமலும் ஆகாது.

இதில்தான் தங்கை சட்டென்று நிமிர்ந்தாள். "அப்போ நாங்க பார்த்த வீடே தப்புண்ணா. அத்தை வந்தா பாப்பா ஹால்ல தான் படிக்கணும்." மேடவாக்கத்து 1,050 சதுர அடி அன்றோடு முடிந்தது. வாங்கியிருந்தால் ஐந்தாம் வருஷம் விற்றிருப்பார்கள். இப்போதைய குடும்பத்துக்குப் பொருந்தும் வீட்டை 20 வருஷக் கடனில் வாங்கும் தப்பைத்தான் அதிகம் பேர் செய்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

எனக்குச் சரியென்று பட்டதைச் சொன்னேன். இப்போது வேண்டாம், ஐந்து வருஷமும் வேண்டாம். இரண்டு முதல் மூன்று வருஷம். அதுவரை இ.எம்.ஐ. கட்டுகிற மாதிரி மாதம் 30,000 சேர்த்து ஒத்திகை. ஐந்தாம் தேதி தானாகப் பிடிக்கிற மாதிரி, தொடக் கூடாத கணக்கில். வாடகைக்கு இருப்பதும் எந்தப் பகுதியில் வாங்க நினைக்கிறார்களோ அங்கேயே. ஒரு பதினொரு மாதம் இருந்து பார்த்தால் தண்ணீர் லாரி எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது, ராத்திரி பத்து மணிக்குத் தெருவில் விளக்கு எரிகிறதா என்பதெல்லாம் தரகர் சொல்லாமலே தெரிந்துவிடும்.

வருஷத்துக்கு அப்புறம் மாதம். ஆடியில் நம் ஆட்கள் முன்பணம்கூடக் கொடுக்க மாட்டார்கள். அதனால் அந்த மாதம் விற்பவர் கொஞ்சம் இறங்கிப் பேசுவார். ஆடியில் விலையைப் பேசி, ஆவணியில் முகூர்த்த நாள் பார்த்துப் பத்திரம் போடுவது நல்ல ஏற்பாடு. வீட்டைப் போய்ப் பார்க்க ஐப்பசி, கார்த்திகைதான் சரி, அதுவும் மழை பெய்த மறுநாள்.

போன கார்த்திகையில் சும்மா அனுபவத்துக்கு என்று பள்ளிக்கரணை பக்கம் தரைத்தள வீடு ஒன்றைப் பார்க்கப் போனோம். மூன்று படுக்கையறை, புதுப் பெயின்ட், விலையும் குறைவு. மாப்பிள்ளைக்குப் பிடித்துவிட்டது. "பாருங்க மச்சான், பிளக் பாயின்ட் எல்லாம் நெஞ்சு உயரத்துல. குழந்தைக்கு எட்டாது." நான் சமையலறைக்குப் போனேன். ஃபிரிட்ஜ் ஒன்றரை அடி கிரானைட் மேடையில் ஏறி நின்றது. மீட்டர் பெட்டி வாசலில் தலைக்கு மேலே. தங்கை ஒன்றும் சொல்லாமல் பக்கத்து வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம் போய் நின்றாள். "2015-ல இடுப்பளவும்மா. மிக்ஜாம் புயலுக்கு முழங்கால்தான்" என்றார் அவர், ஆறுதல் சொல்கிற மாதிரி.

ஒத்திகை ஆவணியில் ஆரம்பித்தது. மூன்று மாதம் 30,000 ஒழுங்காகப் போனது. நாலாவது மாதம் ஏசி கெட்டது, அதே வாரத்தில் மகளுக்கு டெங்கு, ஐந்து நாள் ஆஸ்பத்திரி. அந்த மாதம் பணம் போடவில்லை. தங்கை நோட்டில் அந்த மாதத்துக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டு, பக்கத்தில் 50,186 என்று எழுதி வட்டம் போட்டு வைத்திருந்தாள். மாப்பிள்ளை அடுத்த மாதம் 35,000 போட்டார். இனி ஆறு மாதச் செலவுக்குத் தனியாக ஒரு கணக்கு ஆரம்பித்துவிட்டுத்தான் மற்றது என்கிறார். அதனால் இரண்டு வருஷம் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, மூன்று என்று திருத்தியிருக்கிறோம்.